அனஸ் (ரலி) கொட்டிய மது
1937-இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971-இல் தளர்ந்தது. பின்னர்க் கடைகள் மூடுவதும் திறப்பதுமாயின. 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது. 21 வயது நிரம்பாதோர்க்கு விற்கலாகாது என விதி உண்டு. ஆயினும் புட்டி மாணவர் கைக்கு எட்டிவிடுகிறது. களக்காட்டில் நம் பிள்ளைகள் வளர்வதும் இச்சூழலில்தான். தோழர் வற்புறுத்தலும், வீட்டுப் பெரியவரின் குடியும் அவர்களை அதன்பால் இழுக்கின்றன.

மதீனாவில் மது ஹராமாக்கப்பட்ட அன்று, அபூதல்ஹா (ரலி) இல்லத்தில் பெரியவர்களுக்கு அதனை ஊற்றிக்கொண்டிருந்தவர் இளம்பருவத்து அனஸ் (ரலி) அவர்கள். அறிவிப்பைச் செவியுற்றதும் அபூதல்ஹா (ரலி) அவரிடமே அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். பெரியவர்கள் துறந்ததை அந்த இளைஞர் கண்ணாரக் கண்டார். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும்; நம் இல்லங்களில் பிள்ளைகள் காணும் காட்சி நம் பொறுப்பன்றோ?