ஆரஞ்சுக் காட்டுக் காசித்தும்பை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஓடைக்கரைகளில் தானாக முளைக்கும் ஓராண்டுச் செடி. தாவரவியல் பெயர் இம்பேஷன்ஸ் கேப்பென்சிஸ். நம் காசித்தும்பையின் பேரினமே. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிச் செடி என்று தவறாக எண்ணி வைத்த பெயர், திருத்தப்படாமலே நிலைத்துவிட்டது. செம்புள்ளியிட்ட ஆரஞ்சுப் பூவின் வளைந்த வாலில் தேன் ஊறும். ஓசனிச்சிட்டு தேடி வரும். முற்றிய காயை விரல் தொட்டாலே தோல் சுருண்டு விதைகள் தெறிக்கும். இலையை நீரில் அமிழ்த்தினால் அடிப்புறம் வெள்ளித்தகடாய் மின்னும்.

தோட்டத்தில் வளர்க்க நிழலும் ஈரம் காயாத மண்ணும் வேண்டும். தண்டு நீர்கோத்தது, சுள்ளென்ற வெயிலில் துவண்டுவிடும். விதையை இலையுதிர்காலத்திலேயே தூவிவிடுவது நல்லது: குளிரில் ஈரத்தோடு கிடந்தால்தான் வசந்தத்தில் முளைக்கும். மறு ஆண்டு தோட்டக்காரரைக் கேளாமல் தானே பரவும். வேர் ஆழமில்லை, மிகுந்ததை இளசிலேயே பிடுங்கிவிடலாம்.