ஹீட்டர் தண்ணீர் சூடும் குளிருமாக மாறுகிறதா?

குளியலறை வாட்டர் ஹீட்டரில் சூடு மாறி மாறி வந்தால், பெரும்பாலும் நீரோட்டமே காரணம். உடனடி ஹீட்டரில் சேமிப்புத் தொட்டி கிடையாது. ஓடும் நீரே சூடாகிறது. ஓட்டம் குறைந்தால் நீர் அதிகம் சூடாகும். மேலும் குறைந்தால் ஹீட்டர் தானே நின்றுவிடும்.

* சமையலறைக் குழாயையும் வாஷிங் மெஷினையும் நிறுத்திப் பாருங்கள்.
* ஷவர் முனையைக் கழற்றி அடைப்பை நீக்குங்கள்.
* மின்சாரத்தையும் நீர் வால்வையும் அடைத்தபின், நீர் நுழையும் இடத்திலுள்ள வடிகட்டியைக் கழுவுங்கள்.

ஓட்டம் சீராக இருந்தும் சூடு மாறினால், தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். மூடியைத் திறக்காமல் உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள்.

தண்ணீரில் லேசாக ஷாக் அடித்தாலும் விலகி வந்து, மெயின் சுவிட்சை அணையுங்கள். மலேசியாவில் குளியலறை ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி. இருக்க வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் விழாவிட்டால் ஹீட்டரைப் பயன்படுத்தாதீர்கள்.