அவிநாசியைத் தேடினா ஏன் கிடைக்கல?

திருப்பூர்ல ஒரு டையிங் யூனிட்டுக்குப் போய் "நேவி ப்ளூ துணி எங்கேங்க?"ன்னு கேட்டா, "லாட் நம்பர் என்ன?"ன்னுதான் திருப்பிக் கேப்பாங்க. ஒரே நிறத்துல நாலஞ்சு லாட் கிடக்கும். நிறத்தோட பேரை வெச்சு எதையும் எடுக்க முடியாது. இதே சிக்கல் கல்வெட்டுலயும் உண்டு.

1886-இல் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்டார். அதுக்கப்புறம் ஆட்கள் கோயில் கோயிலா போய்ப் படியெடுத்தாங்க. கல்லைச் சுத்தம் பண்ணி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால தட்டி, மேலே மை ஒத்துவாங்க. எழுத்து வெள்ளையா நிக்கும். அந்த மைப்படி ஒவ்வொண்ணுக்கும் ஆண்டு, அந்த ஆண்டுக்கான வரிசை எண். ஆண்டறிக்கையில எண், இடம், வம்சம், அரசன், காலம், மொழி, குறிப்புன்னு பத்தி பத்தியா அச்சடிச்சாங்க. நம்ம சிஎஸ்வி ஃபைல்தான், காகிதத்துல.

அரசன் பேரே இருக்கே, எதுக்கு எண்? பைத்தான்ல செஞ்சு பார்த்தா புரிஞ்சுடும். அந்த ஃபைலைப் படிச்சு, அரசன் பேரைச் சாவியா வெச்சு ஒரு டிக்‌ஷனரி போடுங்க. தஞ்சைச் சோழன் வீரராசேந்திரன் ஆட்சிக்கு வந்தது 1063. அவிநாசிப் பக்கம் கல்வெட்டு விட்டுப்போன கொங்குச் சோழன் வீரராசேந்திரன் வந்தது 1207. பேரு ஒண்ணுதான். ரெண்டாவது வரி வந்ததும் முதல் வரியை அழிச்சுட்டு உட்கார்ந்துக்கும். எர்ரர்கூட வராது! புரோகிராம் நின்னுபோனா பரவாயில்லை, கண்டுபிடிச்சுடலாம். சத்தமில்லாம தொலையறதுதான் மோசம். ஆண்டு, எண் ரெண்டையும் சேர்த்து ஒரு டியூப்பிளா சாவியாக்கினா இந்த மோதல் இல்லை. அந்தக் காலத்து ஆபீஸ் இதை முன்னாடியே யோசிச்சிருக்கு.

காலம்ங்கிற பத்தியிலயும் ஒரு வில்லங்கம். பாண்டியர் கல்வெட்டுகளில் "இரண்டாவதின் எதிர் ஐந்தாவது"ன்னு வரும். கூட்டிப் பார்த்து ஏழாம் ஆட்சியாண்டுன்னு எடுத்துக்கணும். "2+5"ன்னு டைப் பண்ணியிருந்தா பைத்தானுக்கு அது வெறும் எழுத்து. சிஎஸ்வியிலிருந்து வர்றது எல்லாமே எழுத்துத்தான். நாமதான் பிரிச்சுக் கூட்டணும்.

அடுத்தது ஊர்ப்பேரு. சுந்தரர் பாடின இந்தத் தலத்தோட பழைய ஊர்ப்பேரு திருப்புக்கொளியூர். கோயிலோட பேருதான் பிற்பாடு ஊருக்கு ஆச்சு. அதனால "அவிநாசி"ன்னு தேடினா பழைய பேர்ல பதிவானது வராது. சரி, திருப்புக்கொளியூர்னே தேடலாம்னா, அதுல வர்ற "கொ"வை யூனிகோடில் ரெண்டு விதமா சேமிக்கலாம். கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரும், தனித்தனி குறியாகவும் வரும். திரையில ஒரே மாதிரி தெரியும். பைத்தான் ரெண்டும் வேறன்னு சொல்லும். தேடறதுக்கு முன்னாடி யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் பண்ணிட்டா தீர்ந்தது. தமிழ் டேட்டாவோட வேலை செய்யறவங்க முதல்ல பண்ண வேண்டியது இதுதான்னு நான் சொல்லுவேன்.

இதெல்லாம் வெறும் டெக்னிக்கல் விளையாட்டு இல்லீங்க. திருப்பணியில மணல் வீச்சு அடிச்சு, சுண்ணாம்பு பூசி, கல் மாத்தி எத்தனையோ கல்வெட்டு போயிருச்சு. அப்படிப் போன கல்லுக்கு மிச்சம் அந்த மைப்படித் தாள்தான். அந்த அலுவலகம் 1966-இல் ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போனது. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரணும்னு 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெட்டி பெட்டியா ஊர் மாறும்போது, எண் கிழிஞ்சுபோன தாளை எந்த வரியோட சேர்ப்பீங்க?

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். பழைய ஆண்டறிக்கைகளை வெச்சு ஃபைல் தயார் பண்றவங்க மாவட்டத்துல "திருப்பூர்"னு ஃபில்டர் போடாதீங்க. பூஜ்யம்தான் வரும். திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009-ல. அதுவரைக்கும் அவிநாசி கோயம்புத்தூர்ல இருந்துச்சு.