பள்ளியின் பருவ முடிவும் நம் சங்கத்தின் கடமையும்

கல்வியின் பெருமையை விரித்துரைப்பது இவ்வியாசத்தின் நோக்கமன்று. அதனை நம் சங்கத்து அன்பர்கள் நன்கு அறிவார்கள். பருவ முடிவில் நிகழும் பரீக்ஷை, பரிசளிப்பு, பெற்றோர் கூட்டம் முதலியவை நம் நாட்டில் எவ்விதம் உண்டாயின என்பதையும், அவற்றில் கிறிஸ்தவப் பள்ளிகளுக்குள்ள பங்கையும், அதனின்று நாம் கொள்ளத்தக்க படிப்பினையையும் சுருக்கமாக ஆராயக் கருதுகிறோம். பொம்மிடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் கிறிஸ்தவப் பள்ளிகளுக்குத் தம் மக்களை அனுப்பும் பெற்றோர் நம்மவருள்ளும் உண்டாதலின், இவ்விஷயம் நமக்கு அயலானதன்று.

பழைய திண்ணைப் பள்ளியில் பருவம் என்றும் வகுப்பு என்றும் இக்காலத்தைப் போன்ற பிரிவு இருந்ததில்லை. மணலில் எழுதிப் பழகி, பின்பு ஓலையில் எழுத்தாணி பிடித்து, அவரவர் வேகத்திற்கேற்ப மாணாக்கர் பாடம் முடிப்பர். அமாவாசை, பௌர்ணமி முதலிய திதிகளே விடுமுறை நாட்கள். நவராத்திரிக் காலத்தில் பிள்ளைகள் கோலாட்டமடித்துப் பாடிக்கொண்டு வீடுதோறும் சென்று, உபாத்தியாயருக்குப் பணமும் பண்டமும் பெற்று வருவர். ஊரார் தம் பிள்ளைகளின் படிப்பைக் கண்டு மகிழ்ந்த நாள் அதுவே. ஆயின் அத்திண்ணை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பிள்ளைகள் பெரும்பாலும் அதில் ஏறவே இயலாது. பெண்மக்களோ மிகச் சிலரே கற்றனர்.

1706-ம் வருஷம் சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மறு வருஷமே அங்குப் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி ஏற்பட்டது. நம் பகுதி அக்காலத்தில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததாயிருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். அச்சேலத்தில் 1827-ல் லண்டன் மிஷன் சங்கத்தார் தம் ஊழியத்தைத் தொடங்கினர். 1861-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வரை இருப்புப்பாதை ஓடத் தொடங்கியபின், பொம்மிடி போன்ற ஊர்களுக்குச் சேலம் நகரம் அணித்தாயிற்று.

1854-ல் இங்கிலாந்திலிருந்து வந்த கல்விக் கட்டளையின் பயனாக, தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் நன்கொடை அளிக்கும் முறை ஏற்பட்டது. சென்னை ராஜதானியில் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பணம் வழங்கும் விதியும் நடைமுறையிலிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் செய்து பார்ப்பார். தவறியவர் தொகை கூடினால் நன்கொடை குறையும். ஆகவே பரீக்ஷை நாள் பிள்ளைகளைப் பார்க்கிலும் உபாத்தியாயருக்கே அச்சந் தந்தது. இம்முறை மனப்பாடத்தையே வளர்த்தது என்பது அறிஞர் பலரும் கூறிய குறை. எனினும் இதில் ஒரு நன்மையும் இருந்தது: தேர்ச்சியை அளக்கையில் பிள்ளையின் ஜாதி கணக்கில் வரவில்லை.

கிறிஸ்தவப் பள்ளிகளில் ஜாதி பேதமே இல்லாதிருந்தது என்று நாம் கூற வரவில்லை. சபைகளுக்குள்ளேயே தனி இருக்கையும் தனிப் பந்தியும் நெடுங்காலம் நிலவின. 1833-ல் கல்கத்தா பிஷப்பாகிய டேனியல் வில்சன் அவற்றை விலக்கும்படி கட்டளையிட்டபோது, தஞ்சை முதலிய இடங்களில் பெருங்கலகம் மூண்டது. 1837-ல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அடுத்த வருஷத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் அங்குச் சேர்ந்திருப்பதை அறிந்த மேல்வகுப்பார், அவர்களை நீக்கினாலன்றித் தம் மக்களை அனுப்போம் என்றனர். ஆண்டர்சன் இணங்கவில்லை. பலர் விலகினர், பள்ளி தளர்ந்தது, ஆயினும் பிழைத்தது. விலகியவர்களுள் பலரும் காலப்போக்கில் கல்வியின்பொருட்டுத் திரும்பி வந்து அதே பலகையில் அமர்ந்தனர்.

பலகையில் நிகழ்ந்த மாற்றத்தை உறுதிப்படுத்தியது விடுதி வாழ்க்கை. ஒரே மணிக்கு எழுந்து, ஒரே பந்தியில் உண்டு, நோயுற்ற தோழனுக்குக் கஞ்சி கொடுத்துப் பழகிய பிள்ளைகளுக்கு, வீட்டில் சொல்லிக்கொடுத்த வேற்றுமைகள் சிறிது சிறிதாகத் தேய்ந்தன. நமக்கு அண்மையிலுள்ள சேர்வராயன் மலைமேல், ஏற்காட்டில் 1917-ல் மான்ட்போர்ட் பள்ளி தோன்றியது. நம் இருப்புப்பாதை வழியிலேயே வடக்கிலுள்ள திருப்பத்தூரில், 1921-ல் டாக்டர் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்து தேசத்தவரான டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிக் கதருடுத்தி, இந்நாட்டார் முறையிலே எளிய வாழ்க்கை நடத்தினர். வெள்ளையரும் தமிழரும் சமமாக அமர்ந்துண்பது அந்நாளில் சிறிய காரியமன்று.

இதனைக் கண்டு பிற வகுப்பார் செய்ததென்ன? திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகளால் நாடார் சமூகத்தார் பலர் முன்னேறியதை யாவரும் அறிவர். விருதுநகர் நாடார்கள் தம் வியாபாரத்தினின்று எடுத்துவைத்த மகமைப் பணத்தைக் கொண்டு 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலையை ஏற்படுத்தினர். பணம் ஒரு வகுப்பாருடையது. பள்ளியோ எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதன்மந்திரியாகி, ஊர்தோறும் பள்ளி திறந்து மதிய உணவும் அளித்த காமராஜர் சிறு வயதில் கற்றது அப்பள்ளியிலேதான்.

நம் சங்கத்தார் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். வருஷந்தோறும் பரீக்ஷை முடிவு வெளிவந்ததும் நம்மைப் போன்ற சங்கங்கள் பரிசளிப்பு விழா நடத்துகின்றன. மேடையில் ஏறுவோர் அச்சங்கத்தாரின் பிள்ளைகளே. அதே வகுப்பில், அதே பலகையில் பக்கத்தில் அமர்ந்து படித்த தோழர்கள் அழைக்கப்படுவதில்லை. பள்ளி ஒரு வருஷம் பாடுபட்டு ஒன்றாக அமர்த்திய பிள்ளைகளை நாம் ஒரு மாலைப்பொழுதில் பிரித்து விடுகிறோம். இது தகுமா?

மதிப்பெண் ஒன்றே பெருமையென்னும் எண்ணமும் மாறி வருகிறது. 2012-ம் வருஷத்தில் சர்க்கார் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையைக் கொண்டு வந்தது, பாடச்சுமையைப் பகிர்ந்து குறைப்பதற்காகவே. 2017-ல் பொதுப்பரீக்ஷையில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. சர்க்காரே கைவிட்ட போட்டியை நாம் ஜாதிக்குள் வைத்து வளர்ப்பது அழகன்று.

ஆதலின் அங்கத்தினர் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, சங்கத்தின் பரிசுகளில் ஒரு பகுதியேனும் அவ்வூர்ப் பள்ளியில் பயிலும் எந்த வகுப்பு ஏழைப் பிள்ளைக்கும் உரியதாகுக. இரண்டாவது, விழாவைச் சங்க மண்டபத்தில் நடத்தாது, பள்ளியார் இசைந்தால் பள்ளியிலேயே நடத்தி, ஆசிரியர்களையும் எல்லாப் பெற்றோரையும் அழைப்போமாக. மூன்றாவது, தேறியவரைப் புகழ்வதோடு நில்லாமல், தவறிய பிள்ளையின் வீட்டிற்கு நம்மில் இருவர் சென்று, அவன் படிப்பு நின்றுவிடாதபடி வழி செய்வோமாக.

ஒரு வகுப்பார் கூடிச் சேர்க்கும் பணம் அவ்வகுப்பாரை மட்டும் காப்பதற்கன்று, அவர்கள் வாழும் ஊரையும் காப்பதற்கே என்பதை விருதுநகர் காட்டிற்று. பொம்மிடியும் காட்ட இயலும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இவ்விஷயத்தை ஆலோசித்து முடிவு செய்யுமாறு அன்பர்களை வணக்கத்துடன் வேண்டிக்கொள்கிறோம்.