நெல் விளையும் பள்ளத்தாக்கில் மைதா

1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் கிழக்கே இறங்கிய பிறகு கம்பம் பள்ளத்தாக்கு இருபோக நெல் பூமியானது. அதிலுள்ள உத்தமபாளையத்தைச் சுற்றி இன்றும் வயல்தான். கோதுமை அங்கத்திய பயிரல்ல. ஆனாலும் பொழுது சாய்ந்தால் கடைத்தெருவில் பரோட்டாக் கல் சூடேறிவிடுகிறது. நாக்கு ருசி என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. பரோட்டா இங்கே வீட்டுப் பலகாரமாகாமல் கடைப் பலகாரமாகவே வேர்விட்டதற்கு முதல் காரணம் மாவிலேயே இருக்கிறது.

நம் அடுக்களை தலைமுறை தலைமுறையாகப் பழகியவை அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம். எதிலும் க்ளூட்டன் என்னும் பசைப் புரதம் கிடையாது. அதனால் கிண்டினோம், தட்டினோம், அவித்தோம், புளிக்கவைத்து ஊற்றினோம். மாவை இழுத்து விரிக்கும் வேலைக்கு அங்கே இடமே இல்லை. கோதுமையிலிருந்து எடுக்கும் மைதா வேறு ரகம். தண்ணீரும் உப்பும் விட்டுப் பிசையப் பிசைய அந்தப் புரதம் இழையிழையாகப் பின்னிக்கொள்கிறது. பிசைந்த சூட்டோடு இழுத்தால் சுருங்கும். ஈரத்துணி மூடி ஊறவிட்டால்தான் இளகும். பிறகு உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப்போட்டு, எண்ணெய் தடவிய மேடையில் அடியிலுள்ள பலகை தெரியுமளவு வீசி, மடித்துச் சுருட்டி, தட்டிக் கல்லில் போட வேண்டும். வெந்ததை நாலைந்தாக அடுக்கி இரு கையாலும் பக்கவாட்டில் அடித்தால்தான் அடுக்கு பிரியும். ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டில் இதற்கு மேடையும் இல்லை, நேரமும் இல்லை. நூறு உருண்டைக்கு ஒரே தரம் பிசையும் கடை மாஸ்டருக்கே கட்டுபடியாகும்.

அமெரிக்கக் கோதுமை வந்ததால்தான் பரோட்டா வந்தது என்பார்கள். 1956-இல் இந்தியா அமெரிக்காவோடு பி.எல். 480 என்னும் உணவுதானிய ஒப்பந்தம் செய்ததும், 1965, 66 வறட்சியில் கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்கியதும், அரிசித் தட்டுப்பாடு 1967 தேர்தல் மேடைவரை ஏறியதும் உண்மை. ஆனால் வந்தது மைதா அல்ல, பெரும்பாலும் கோதுமை. அரைத்தவை நம் மில்கள். ரேஷன் வழியே வீட்டுக்கு வந்த கோதுமையோ சப்பாத்தியோடும் உப்புமாவோடும் நின்றுவிட்டது. சரக்கு மலிந்தது மட்டுமே காரணமென்றால் வீடுகளும் பரோட்டா வீசியிருக்க வேண்டுமே? இங்குள்ள ராவுத்தர் முஸ்லிம் வீடுகளில் கோதுமைப் பண்டம் பழகியதுதானே என்றும் கேட்கலாம். பழகியதுதான், ஆனால் விருந்துப் பண்டம் வேறு, தினப்படி வியாபாரம் வேறு. தினப்படி வாங்க ஆள் வேண்டும். விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரம் திரும்புகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். அடுப்புப் பற்றவைக்கத் தெம்பில்லாத அந்த நேரத்துக்கு நாலு பரோட்டாவும் பையில் கட்டிய சால்னாவும் கணக்காகப் பொருந்தின. இப்போது வீட்டுக்குள் நுழைவதுகூடப் பாதி வெந்த பாக்கெட் பரோட்டாதான்; அதற்கும் மாவு பிசைந்தவர் வேறு யாரோ.