கயிற்றிலிருந்து டயருக்கு

ஐஸ்லாந்துக்கு ராணுவம் கிடையாது. மலையில் யாராவது வழி தவறினாலோ, ஆற்றைக் கடக்கும்போது கார் சிக்கிக்கொண்டாலோ 112-ஐ அழைக்கிறார்கள். உதவிக்கு வந்து இறங்குபவர் தச்சராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், வங்கி ஊழியராகவும் இருக்கலாம். அவருக்குச் சம்பளம் இல்லை; மீட்கப்பட்டவருக்குப் பில்லும் வராது. மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடாத அந்த நாட்டில் ஏறத்தாழ நூறு தன்னார்வ மீட்புக் குழுக்கள் உண்டு. அவற்றின் கொட்டகைகளில் நிற்கும் ராட்சத ஜீப்புகளைப் பார்ப்பவர்கள், ஏதோ ஓர் அமைச்சகம் திட்டம் போட்டு வாங்கிக் கொடுத்தது என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் பிழைப்புக்காகக் கற்ற வித்தையும் பொழுதுபோக்காகப் பழகிய வித்தையும்தான் அங்கே மீட்புப்பணியாக மாறின.

தொடக்கம் கடலில். மீன்பிடித்து வாழ்ந்த மக்களுக்குக் கப்பல் உடைவது ஆண்டுதோறும் வரும் துக்கம். வெஸ்ட்மன் தீவுகளில் 1918-ல் முதல் மீட்புச் சங்கம் உருவானது. நாடு முழுமைக்குமான விபத்துத் தடுப்புச் சங்கம் 1928-ல் வந்தது.

1947 டிசம்பரில் 'தூன்' என்ற ஆங்கிலேய மீன்பிடிக் கப்பல், நாட்டின் மேற்கு முனையிலுள்ள லாட்ராபியார்க் செங்குத்துப் பாறையின் அடியில் தரைதட்டியது. பதினைந்து பேரில் மூவரை மீட்புக் குழு வருவதற்கு முன்பே கடல் கொண்டுபோய்விட்டது. மற்ற பன்னிரண்டு பேரையும் சுற்றுவட்டார விவசாயிகள் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். உறைபனியில், குறுகிய பகல் வெளிச்சத்தில் நாள்கணக்காக நடந்த வேலை அது. அவர்களுக்கு அந்தப் பாறை புதிதல்ல. கோடைதோறும் கடற்பறவைகளின் முட்டையெடுக்க அதே பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்கிப் பழகியவர்கள். முட்டைக்காகக் கற்றது மனித உயிருக்கு உதவியது.

மூன்றே ஆண்டுகளில் விபத்து, கடலைவிட்டு மலைமேல் ஏறியது. 1950 செப்டம்பர் 14 அன்று 'கேசிர்' என்ற சரக்கு விமானம் வாட்னயோக்குல் பனிப்பாளத்தின் மேல் விழுந்தது. பல நாள் தேடல். எல்லோரும் கைவிட்ட வேளையில் ஒரு கடலோரக் காவல் கப்பல் பலவீனமான வானொலிக் குறியைப் பிடித்தது; ஆறு ஊழியர்களும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைத் தூக்கிவர அமெரிக்க விமானம் ஒன்று சறுக்குக் கட்டைகளோடு பனியில் இறங்கியது, ஆனால் மறுபடி கிளம்ப முடியவில்லை. ஆக, மீட்க வந்தவர்களையும் மீட்க வேண்டியதாயிற்று! வடக்கேயுள்ள அகுரேரி நகரத்து ஆட்கள் பனிப்பாளத்தின் விளிம்புவரை வண்டியில் போய், அங்கிருந்து பனிச்சறுக்கில் மேலேறி எல்லோரையும் கீழே கூட்டிவந்தார்கள். சிக்கிய அமெரிக்க விமானத்தை அடுத்த வசந்தத்தில் தோண்டியெடுத்து ஐஸ்லாந்துக்காரர்களே ஓட்டிக்கொண்டு போனது தனிக்கதை.

அந்த ஆண்டு முடிவதற்குள் ரெய்க்யாவிக்கில் விமான மீட்புக் குழு ஒன்று பிறந்தது. பனிவிளிம்பில் வண்டி நின்றுபோனது ஏன் என்ற கேள்வி மட்டும் பல காலம் தீராமல் கிடந்தது.

ஜீப்பு நாட்டுக்குள் வந்தது போரோடு. 1940-ல் பிரிட்டிஷ் படையும், மறு ஆண்டு அமெரிக்கப் படையும் வந்திறங்கின. போர் முடிந்ததும் வில்லிஸ் ஜீப்புகள் பண்ணைகளில் உழைக்கத் தொடங்கின. சாலையே இல்லாத நடுமேட்டு நிலத்தில் ஆறுகளைத் தாண்ட அது போதும். ஆனால் இளகிய பனியில் சக்கரம் புதைந்துவிடும்.

விடை கண்டது ராணுவப் பொறியாளரோ அரசாங்கமோ அல்ல, வார இறுதியில் ஊர்சுற்றக் கிளம்பிய ஜீப்புப் பித்தர்கள். 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் அகலமான பெரிய டயர்களை மாட்டி, காற்றைக் கிட்டத்தட்ட முழுக்க இறக்கிப் பார்த்தார்கள். சாதாரணமாக 30 பவுண்டு காற்று இருக்கும் டயரில் இரண்டு மூன்று பவுண்டு மட்டும் விட்டால் அது ஒட்டகத்தின் பாதம்போலப் பரந்து, பனியை வெட்டாமல் அதன் மேலேயே நகரும். ஆனால் அவ்வளவு தளர்ந்த டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும், ஆகவே அதைப் பிடித்துவைக்க வழி தேட வேண்டும். 38 அங்குல டயர் நுழைய மட்கார்டை அறுக்க வேண்டும். ஆமைவேகத்தில் ஊர்ந்து போகத் தனிக் கியர் வேண்டும். கெட்டித் தரைக்கு வந்ததும் காற்றடிக்க வண்டியிலேயே கம்ப்ரசர் வேண்டும். இதையெல்லாம் சொந்தப் பணத்தில், சொந்தக் கொட்டகையில் செய்தார்கள். 1983-ல் தங்களுக்கென ஒரு 4x4 சங்கமும் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் மீட்புக் குழுக்களிலும் இருந்ததால், விளையாட்டு வண்டி ஆம்புலன்ஸுக்குத் துணைவண்டியாக மாற அதிக நாள் பிடிக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இத்தகைய வண்டிகளுக்குப் பேர்போன அதே நாட்டில் பாதையைவிட்டு விலகி ஓட்டுவது குற்றம். உறைந்து, பனி மூடிக் கிடக்கும் நிலத்திலும் பனிப்பாளத்திலும் மட்டுமே விலக்கு. ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் அந்த மெல்லிய பாசிநிலத்தில் பல்லாண்டுகளுக்கு மறையாது.

ஜீப்பு எல்லாம்வல்லதும் அல்ல. 1995 ஜனவரியில் சூதாவீக் கிராமத்தைப் பனிச்சரிவு மூடி 14 பேர் இறந்தபோது சாலை முழுக்க அடைபட்டிருந்தது. மீட்பவர்கள் புயலுக்கு நடுவே படகில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பிளாட்டேரியில் இன்னொரு சரிவு 20 உயிர்களைக் கொண்டுபோனது. நான்கு ஆண்டு கழித்து, 1999-ல், நாட்டின் இரு பெரிய மீட்பு அமைப்புகளும் ஒன்றாயின.

இவ்வளவுக்கும் பணம்? பெரும்பகுதி பட்டாசிலிருந்து. புத்தாண்டையொட்டிக் குழுக்களே கடை போட்டு விற்கின்றன. அந்த ஓர் இரவில் தலைநகரில் மூச்சுவிட முடியாதபடி புகை சூழ்வதால், நல்ல காரியத்துக்குக் கெட்ட காற்றா என்ற சச்சரவு ஆண்டுதோறும் எழுகிறது. வெடி வேண்டாம் என்பவர்களுக்காக 2018 முதல் மரக்கன்றுக்குப் பணம் கட்டும் ஏற்பாடும் உண்டு.

2023 நவம்பர் 10 இரவு, தரைக்கடியில் எரிமலைக் குழம்பு ஊர்ந்துவந்ததால் கிரிண்டாவீக் ஊரின் ஏறத்தாழ 3,800 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு எரிமலை வெடித்து அடங்குவதும் மறுபடி வெடிப்பதுமாக இருக்க, தன்னார்வலர்கள் பிற ஊர்களிலிருந்தும் மாறி மாறி வந்து காவலிருந்தார்கள். புயலுக்கு ஓர் இரவு விடுப்புக் கொடுத்த முதலாளிகள் மாதக்கணக்கில் கொடுப்பார்களா, இப்படி நீளும் வேலையை அரசு சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டாமா என்ற கேள்வி அப்போதுதான் அங்கே உரக்கக் கேட்கத் தொடங்கியது.