மனு முந்தியது கோவையில், உத்தரவு முந்தியது இங்கிலாந்தில்

பிரிந்த பெற்றோரில் ஒருவர், மற்றவருடைய சம்மதம் இல்லாமல் குழந்தையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், எந்த நாட்டுக் கோர்ட் முடிவு செய்வது? இதற்கு இந்தியாவில் கிடைத்த முக்கியமான பதில்களில் ஒன்று, நம்ம உடுமலைக்குப் பக்கத்தில் கோவையில் தொடங்கிய வழக்கில் வந்தது. குழந்தைகள் விஷயம் என்பதால் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

2012 ஆகஸ்டில், இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு தாய் இரண்டு மகள்களோடு கோவை வந்தார். அதே மாதம் இங்குள்ள குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டார். அப்பா இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நவம்பரிலேயே அது பிள்ளைகளைத் தன் பாதுகாப்பின்கீழ் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொண்டுவரச் சொல்லிவிட்டது. கோவையில் மனு இருந்ததே தவிர, பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்று உருப்படியான உத்தரவு எதுவும் வரவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பா போட்ட ஆட்கொணர்வு மனு 2013 நவம்பரில் தள்ளுபடியானது.

2015 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகுர், யு.யு. லலித் அதை மாற்றினார்கள். பொருத்தமான நீதிமன்றங்களில் எது முதலில் உத்தரவு போட்டதோ அதற்கே மதிப்பு அதிகம் என்பது அவர்கள் சொன்ன கொள்கை. கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தாயே அழைத்துப் போக வேண்டும். பயணம், தங்குமிடம், வழக்குச் செலவு எல்லாம் அப்பா பொறுப்பு.

இந்தக் கொள்கை ரெண்டு வருஷம்தான் நின்றது. 2017 ஜூலையில், டெல்லியிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்க மறுத்தது. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று மட்டுமே, குழந்தையின் நலன்தான் முதன்மை என்றது. இது புதுசும் இல்லை. 1951-லேயே லண்டன் பிரிவி கவுன்சில், கனடா வழக்கொன்றில் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லியிருந்தது.

பழைய தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. மிச்சிகனிலிருந்து 1986 ஜனவரியில் அப்பா புணேவுக்குக் கொண்டுவந்த பையனை, அதே வருஷம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தது. 1984-ல் அமெரிக்காவிலிருந்து அம்மாவோடு வந்த இன்னொரு கைக்குழந்தையின் வழக்கு 1997-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதற்குள் அவன் பதின்ம வயதுப் பையன்! அவனை அப்பாவிடம் அனுப்ப நீதிமன்றம் மறுத்தது. வேறென்ன செய்ய முடியும்? பள்ளி, நண்பர்கள் எல்லாமே அவனுக்கு இங்கேதான்.

ஆக, 'குழந்தை நலன்' என்பதன் பொருளையே வழக்கு இழுபடும் காலம் மாற்றிவிடுகிறது. இழுத்தடிப்பவருக்கு அது லாபம்.

1980-ன் ஹேக் உடன்படிக்கை இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால், சில விதிவிலக்குகள் தவிர, குழந்தையை வாழ்ந்த நாட்டுக்கே அனுப்ப வேண்டும். ஆறு வாரத்தில் முடிவு வராவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம். இலங்கை 2001-ல் சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-ல் பரிந்துரைத்தது. 2016-ல் வரைவு மசோதாவும் வந்தது.

தயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. கணவனின் அடி உதைக்குத் தப்பி பிறந்த வீட்டுக்கு ஓடிவரும் பெண்ணையும் சட்டம் 'கடத்தியவர்' என்றே பார்க்கும். விசா, வருமானம் எதுவும் இல்லாத ஊருக்கு அவர் திரும்ப வேண்டிவரும். ஆனால் உடன்படிக்கையில் சேராமலேயே ஒன்று செய்யலாம்: இந்த வழக்குகளுக்குக் கெடு வைக்கலாம். அம்மா பக்கம் நியாயம் இருந்தாலும் அப்பா பக்கம் இருந்தாலும் அது மூன்று மாதத்தில் தெரியட்டும். கோவையில் 2012-லேயே ஒரு இடைக்கால உத்தரவு வந்திருந்தால், அந்த ரெண்டு பெண் பிள்ளைகளும் எந்த ஊர்ப் பள்ளியில் படிக்கப்போகிறோம் என்று தெரியாமல் இரண்டரை வருஷம் காத்திருந்திருக்க வேண்டாம்.